நான் மாற்றிச் சொன்ன தீவு

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் நெடுநாள் இருந்தேன். என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் மற்றதையெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டால், எழுதியதும் பொய்யாகிவிடும் என்று தோன்றுகிறது.

டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரத்தில் பன்றி இறைச்சி வெட்டும் தொழிற்சாலையொன்றில் எனக்கு வேலை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் என் பக்கத்து மேசைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். பரோ தீவுக்காரர்; அது வட அத்திலாந்திக் கடலில் டென்மார்க்குக்குக் கீழே இருக்கும் தீவுக்கூட்டம். ஐம்பதைத் தாண்டிய வயது, தடித்த கழுத்து, உப்புக் காற்றில் வெடித்துக் காய்ந்த முகம். மீன் வெட்டிப் பழகிய கை என்பதால் கத்தியை எங்களைப் போல அழுத்தாமல், எலும்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டு போவது போலப் பிடிப்பார். இரண்டாம் வாரமே எங்கள் எல்லாரையும்விட வேகமாக வெட்டினார். அதற்காக யாரும் அவரை விரும்பவில்லை.

எனக்கு அவரைப் பிடித்ததற்கு வேறு காரணம் இருந்தது. அவர் பேசிய டெனிஷ் எனக்கு விளங்கியது. டெனிஷ்காரர் பாதி எழுத்தை விழுங்கிவிட்டு மீதியைத் துப்புவார்கள். அவரோ எழுதியிருப்பதை எழுதியபடியே, ஒவ்வொரு எழுத்தாக உச்சரிப்பார். அது அவருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான். வீட்டு மொழி வேறு.

சாப்பாட்டு அறையில் ஒருநாள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து கறுப்புப் பாண் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"நீ எந்த ஊர்?" என்று கேட்டார்.

இலங்கை என்றேன். இலங்கையில் எங்கே என்றார். மன்னார் என்றேன். அதுவும் ஒரு தீவு, கடலுக்கு மேலால் தெரு போகிறது என்று சொன்னேன்.

"அப்படியென்றால் நீயும் தீவுக்காரன்," என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

அன்றிலிருந்து இடைவேளைகளில் அவர் தன் நாட்டைப் பற்றிச் சொல்வார், நான் கேட்பேன். பதினெட்டுத் தீவுகள். எல்லாச் சனத்தையும் சேர்த்தாலும் ஐம்பதாயிரம் வராது. ஆனால் தங்களுக்கென்று ஒரு சபை, ஆயிரம் ஆண்டுக்கு முன்னிருந்தே கூடி வந்த சபை. நூற்றாண்டுக் கணக்கில் டெனிஷ் அரசரின் கடையைத் தவிர வேறெங்கும் கம்பளியையோ மீனையோ விற்க முடியாமல் இருந்தார்களாம். போர்க்காலத்தில் டென்மார்க்கை ஜெர்மன்காரன் பிடிக்க, தீவுகளை பிரிட்டிஷ்காரன் பிடித்துக்கொண்டான். அந்த ஐந்து ஆண்டுகள் அவர்கள் தங்கள் கொடியைக் கட்டிக்கொண்டு பிரிட்டனுக்கு மீன் ஏற்றினார்கள். கண்ணிவெடியிலும் குண்டிலும் போன மாலுமிகள் பலர், அவருடைய தகப்பனின் தம்பியும் அதில் ஒருவர். போர் முடிந்ததும் வாக்கெடுப்பு நடந்தது. பிரிய வேண்டும் என்றவர்கள் மயிரிழையில் முந்தினார்கள். அரசர் சபையைக் கலைத்தார். மறுபடி தேர்தல், பேச்சுவார்த்தை, கடைசியில் நாற்பத்தெட்டில் சுயாட்சி. பாடசாலை, மீன், வரி எல்லாம் தங்கள் கையில். நீதிமன்றமும் படையும் வெளிநாட்டு விவகாரமும் கோப்பன்ஹேகனின் கையில். தாளில் தங்கள் சித்திரம் போட்ட காசு. டென்மார்க் ஐரோப்பியச் சந்தைக்குள் போனபோது, எங்கள் கடலுக்குள் உங்கள் சட்டம் வேண்டாம் என்று இவர்கள் வெளியே நின்றுகொண்டார்கள்.

நான் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டேன். கொடி, சபை, மொழி, கடல். நாங்கள் எதைக் கேட்டு அடி வாங்கினோமோ அதெல்லாம், ஒரு சிறிய நகரத்தில் அடங்கக்கூடிய சனத்திடம், சத்தமில்லாமல் இருந்தது.

அவர் அதோடு நிறுத்தவில்லை. ஏன் இங்கே வந்து பன்றி வெட்டுகிறார் என்பதையும் சொன்னார். அந்தப் பகுதியை நான் அவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இனி என்னைப் பற்றி. நான் எண்பத்தைந்தில் வந்தவன். வந்தவர்களில் டெனிஷ் முதலில் பிடிபட்டது எனக்குத்தான். அதனால் ஆஸ்பத்திரிக்கு, கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்கு, வக்கீலிடம் என்று எல்லாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யாரும் என்னை நியமிக்கவில்லை, சான்றிதழும் இல்லை. "தம்பி, ஒருக்கா வாறீரோ" என்பதுதான் நியமனம். எண்பத்தெட்டிலும் எண்பத்தொன்பதிலும் அப்படிப் போனதெல்லாம் பெரும்பாலும் ஒரே விஷயத்துக்கு. மனைவி பிள்ளைகளைக் கூப்பிட எல்லாரும் விண்ணப்பித்திருந்தார்கள். பதில் வரவில்லை. விசாரித்தால் பார்க்கிறோம் என்றார்கள். சட்டப்படி எங்களுக்கு உரிமை இருந்தும், நீதி அமைச்சரின் சொல்லால் அந்தக் கடதாசிகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பது பிறகுதான் வெளியே வந்தது. என் மனைவியும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்து, தொண்ணூறில் வந்து சேர்ந்தாள்.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் அந்த விவகாரத்தில் விசாரணை அறிக்கை வந்து அரசாங்கமே பதவி விலகியது. தொலைக்காட்சியில் மணிக்கொரு தடவை "தமிழர்" என்ற சொல். தொழிற்சாலையில் ஒருவன் என் தோளில் தட்டி, "உங்களால் பிரதமர் போய்விட்டார்," என்றான். பாராட்டா வசையா என்று விளங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு மட்டும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அந்த நிமிர்வில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் என்னிடம் வந்தார். ஊரில் தபால் அதிபராக இருந்தவர், இங்கே பாடசாலை கூட்டித் துடைக்கிறவர்.

"தம்பி, உன்னோட வேலை செய்யிற அந்தத் தீவு மனுசனை ஒருக்கா எங்கட சனத்துக்கு முன்னால கதைக்கச் சொல்லேலாதோ? சுயாட்சி எண்டால் என்னெண்டு கண்ணால கண்ட ஆள். நீ மொழிபெயர்."

இந்த எண்ணம் அவருக்கு வந்ததே என்னால்தான். இரண்டு மாதமாகக் கண்ட இடமெல்லாம் நான் பரோ தீவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். தேவாலயத்தில் பூசை முடிந்து நிற்கும்போது, கடையில், பஸ் தரிப்பில். நான் கண்டுபிடித்த நாடு போல அதைச் சொல்லித் திரிந்தேன்.

தீவுக்காரரிடம் கேட்டேன். கத்தியைத் துடைத்து மேசையில் வைத்தார்.

"நான் பேச்சாளன் இல்லை," என்றார். பிறகு, "உண்மையைத்தான் சொல்லுவேன், பரவாயில்லையா?" என்றார்.

"அதற்குத்தானே கூப்பிடுகிறோம்," என்றேன்.

பெப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், பள்ளிக்கூடமொன்றின் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டம். பிராண்டே ஊரிலிருந்தும் ஒரு வான் வண்டியில் ஆட்கள் வந்திருந்தார்கள். மண்டபம் நிறைந்து, பின்சுவரோரம் ஆண்கள் நின்றார்கள். பெண்கள் ரோல்ஸும் பற்றீஸும் செய்து கொண்டுவந்திருந்தார்கள். என் மனைவி தேநீர் மேசையில் நின்றாள். அவள் அப்போது முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். டெனிஷை அவளுக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை, அந்தக் கிழவர் கிழவிகளின் வாய் சொல்லித்தந்தது.

தீவுக்காரர் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்தார். கையில் நான்காக மடித்த கடதாசி. மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பாதியை நான் சரியாகவே மொழிபெயர்த்தேன். சபை, அரசரின் கடை, போர், கொடி, நாற்பத்தெட்டு. ஒவ்வொரு வசனத்துக்கும் மண்டபம் அசைந்தது. "சொந்தக் கொடி" என்று நான் சொன்னபோது கைதட்டினார்கள். "எங்கட மொழியிலதான் பள்ளிக்கூடம்" என்றபோது பின்சுவரோரம் விசில் கேட்டது. அவர் பேசிய நேரம் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கைதட்டல் அவருக்குத்தான், ஆனால் என் தமிழுக்குப் பிறகு வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வேறு எந்தக் காரணத்தையும்விட அதுதான் முதல் காரணம் என்று இன்று ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அவர் கடதாசியைப் புரட்டினார்.

"இனி நடந்ததைச் சொல்லுகிறேன்," என்றார். "எங்களிடம் மீனைத் தவிர விற்க ஒன்றும் இல்லை. மீன் இருந்த காலத்தில் இன்னும் கப்பல் வாங்கினோம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மீன் தொழிற்சாலை கட்டினோம். மலையைக் குடைந்து தெரு போட்டோம். சபையில் இருந்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள், அயலவர்கள். யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை. வெளியே கடன் எடுத்தோம். பிறகு மீன் குறைந்தது. போன ஆண்டு வங்கி விழுந்தது. டென்மார்க்கிடம் கை நீட்டினோம்."

நான் வாயைத் திறந்தேன். முன்னால் இருந்த முகங்களைப் பார்த்தேன். இன்னும் கைதட்டத் தயாராக இருந்தார்கள்.

"மீனை வித்துத் தாங்கள் கப்பல் வாங்கினவையாம்," என்றேன். "ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொழிற்சாலையாம். மலையைக் குடைஞ்சு தெருப் போட்டவையாம்."

பெரிய கைதட்டல்.

என்னிடம் அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. தலைவர் கண் காட்டவுமில்லை. நானாகத்தான் செய்தேன். ஒன்றும் கூட்டவில்லை, பாதியை விட்டேன், அது பொய் இல்லை என்று அந்தக் கணத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் தொடர்ந்தார். "சுயாட்சி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது நல்லதுதான். ஆனால் அந்தக் கப்பல்களை வாங்கு என்று எங்களுக்கு எந்த டெனிஷ்காரனும் சொல்லவில்லை. எங்கள் பிழை எங்களுடையது. அதற்குப் பழிபோட ஆள் இல்லை."

நான் சொன்னேன்: "தங்களுக்கு மேல கேள்வி கேக்க ஆளில்லையாம். தங்கட முடிவு தங்கட கையிலயாம்."

இப்போது நான் பாதியை விடவில்லை, பொருளையே புரட்டினேன்.

கடைசியில் அவர் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"எங்கள் ஊர்த் தொழிற்சாலை மூடிவிட்டது. தம்பியும் நானும் வைத்திருந்த படகு போய்விட்டது. வீட்டை விற்க முடியவில்லை, வாங்க ஆள் இல்லை. திறப்பைக் கதவுப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். எங்கள் தெருவில் ஏழு வீட்டில் நாலு இருட்டு." குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்தார். "அவ்வளவுதான்."

மண்டபம் என்னைப் பார்த்தது. அழுகிற மனிதன் எல்லாருக்கும் தெரிந்தான். அதை விட முடியாது, ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"தன்ர நாட்டை நினைச்சால் தனக்குப் பெருமையில கண்ணீர் வருது எண்டு சொல்லுறார்," என்றேன்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் திகைத்துப்போய் நின்றார். முன்வரிசையில் அவருடைய மனைவி சுற்றிலும் பார்த்தார். வீடு போன கதைக்கு ஒரு சனம் எழுந்து சிரித்த முகத்தோடு கைதட்டுகிறது. இது இவர்களுடைய வழக்கமாக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் மெல்லத் தலையைக் குனிந்து வணங்கினார். அந்த வணக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடும்.

தேநீர் வேளையில் அது அவிழ்ந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர், எல்லாரும் அண்ணை என்று கூப்பிடும் வயதானவர், தீவுக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலு டெனிஷ் சொல்லில், "நல்ல நாடு! பிரச்சினை இல்லை! நீ பணக்காரன்!" என்றார். தீவுக்காரர் என்னைத் தேடினார். நான் தலைவரோடு கதைப்பது போலத் திரும்பி நின்றேன். அவர் தேநீர் மேசைக்குப் போய் என் மனைவியிடம் கேட்டார்.

"உனக்கு டெனிஷ் தெரியும்தானே? உன் கணவன் நான் சொன்னதை என்னவென்று சொன்னான்?"

அவள் தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். எல்லாரும் பார்க்கக்கூடியபடி அசைத்தேனோ தெரியாது, அவள் கண்டாள். கண்டுவிட்டு அவரிடம் திரும்பி, கிழவிகளிடம் கற்ற யூலன் பக்கத்துக் கொச்சை டெனிஷில், ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண்ணீர் விஷயத்தையும் சொன்னாள்.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோட்டின் பொத்தான்களைப் பூட்டினார்.

"நான் சொன்னதை நீ அவர்களுக்குச் சொல்லுவாயா?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் மைக்கில் கதைத்துப் பழகாதவள். மேசைக்குப் பின்னாலேயே நின்று, கையை ஏப்ரனில் துடைத்தபடி சொன்னாள்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ. இந்த ஐயா சொன்னது வேற. இவையின்ர பாங்க் விழுந்திட்டுதாம். கப்பல் போட்டுதாம். வீட்டை விட்டிட்டு வந்திருக்கினம். அதுக்குத்தான் அழுதவர். நாங்கள் கைதட்டினாங்கள்."

பற்றீஸ் கடித்த வாயோடு ஒருவர் அப்படியே நின்றார். தீவுக்காரர் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். தலைவர் அவர்களுக்குப் பின்னால் ஓடினார். நான் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் கோபித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"நீர் ஏன் அப்பிடிச் செய்தனீர்? பிறகு நான் சொல்லியிருப்பன்தானே. சபையில வைச்சு எனக்கு மானம் போச்சுது."

அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அந்த மனுசன் என்னைக் கேட்டவர். நான் அவருக்கும் பொய் சொல்லுறதோ?" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "ரெண்டு வருசம் அந்த லொட்ஜுக்குள்ள இருந்தன். இஞ்ச ஆரோ எங்கட கடதாசியை வாசிச்சிட்டு, வாசிக்காத மாதிரி வைச்சிருந்தவங்கள். உங்களுக்கு அது மறந்து போச்சோ?" என்றாள்.

அது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். மறுவாரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். தீவுக்காரரின் கையைப் பிடித்துப் பாராட்டிய அதே மனிதர். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்தவர், பிராண்டேயில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தார். தேநீர் வேண்டாம் என்றார்.

"தம்பி, ஒரு கேள்வி. எண்பத்தெட்டில என்னை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய் எல்லே? மூத்தவளுக்குப் பதினெட்டு ஆகப்போகுது, அதுக்கு முதல் எடுக்கோணும் எண்டு நான் சொன்னனான். அதை நீ சொன்னனியோ?"

அவருடைய மனைவியும் இளைய இரண்டு பிள்ளைகளும் தொண்ணூறில் வந்தார்கள். மூத்த மகளுக்குக் காத்திருந்த காலத்திலேயே பதினெட்டு முடிந்துவிட்டது. சட்டத்தின்படி அவள் பிள்ளை இல்லை. இலங்கையில் தனியே நின்றுவிட்டாள்.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் நெடுநேரம் பேசினார். ஊர், ஆமி, பெண்பிள்ளை, வயது என்று எல்லாம் குழம்பி வந்தது. எதிரே இருந்த அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார். அன்று எனக்கும் இரவு வேலை இருந்தது. நான் சுருக்கிச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"ஓம் அண்ணை, சொன்னனான்," என்றேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மண்டபத்தில் அத்தனை பேர் முன் பிடிபட்டு ஒரு வாரம் ஆகவில்லை. அப்போதும் வாய் அப்படித்தான் போயிற்று.

அவர் என்னை நம்பவில்லை. நேரே என் மனைவியிடம் கேட்டார்: "பிள்ளை, உவங்கள் எழுதி வைச்சதைக் கேட்டு எடுக்கலாமோ?" எடுக்கலாம், அவரவர் கோப்பை அவரவர் பார்க்க உரிமை உண்டு என்று அவள் சொன்னாள். அவளே கடிதம் எழுதினாள். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கிறவள் அவள்தான். யாரும் அறிவிக்கவில்லை. தொலைபேசி அடித்தால் "தங்கச்சி நிக்கிறாவோ" என்று கேட்பார்கள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஏப்ரலில் கோப்பின் பிரதி வந்தது. "நீயும் வரோணும்" என்று அண்ணை சொல்லியனுப்பினார். பிராண்டேயில் அவருடைய சமையலறை மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்தோம். அண்ணை, அவருடைய மனைவி, என் மனைவி, நான். அவள் தாள் தாளாகப் பார்த்து வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். அந்த நாள் சந்திப்பின் குறிப்பு. ஒரே ஒரு வரி. முதலில் டெனிஷில் வாசித்தாள், பிறகு தமிழில் சொன்னாள்.

"விண்ணப்பதாரர் விஷயம் அவசரம் எண்டு தெரிவிச்சார்."

"அவ்வளவுதானோ?" என்றார் அண்ணை.

"அவ்வளவுதான்."

அண்ணையின் மனைவி எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையை மறுபடி கழுவினார்.

அலுவலர் சுருக்கி எழுதியிருக்கலாம் என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது. என் மனைவி அப்படித்தான் சொல்லப்போனாள், என்னைக் காப்பாற்ற அல்ல, நியாயத்துக்காக. நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணை, நான் வயசைச் சொல்லேல்லைப் போலத்தான் கிடக்குது. சுருக்கித்தான் சொன்னனான். அண்டைக்கு உங்களிட்ட சொன்னனான் எண்டதும் பொய்."

அவர் தாளை மடித்தார். "சொல்லியிருந்தாலும் அவங்கள் செய்திருக்கமாட்டாங்கள். அப்ப எல்லாருக்கும்தானே நிப்பாட்டி வைச்சிருந்தவங்கள்," என்றார். "ஆனால் நான் சொன்னதை நீ சொல்லியிருக்கலாம், தம்பி."

காரில் திரும்பி வரும்போது என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது இன்னும் வெட்கமாக இருந்தது.

தீவுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அதன் பிறகுதான் துணிவு வந்தது. அந்த இரண்டு மாதமும் அவர் பக்கத்து மேசையில்தான் வெட்டிக்கொண்டு நின்றார். காலை வணக்கம் சொல்வார், அதற்குமேல் இல்லை. இடைவேளையில் யன்னலோரம் தனியாகச் சாப்பிடுவார். ஒருநாள் உடைமாற்றும் அறையில் அவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது போய் முன்னால் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். கைதட்டலுக்கு ஆசைப்பட்டதையும் சொன்னேன்.

அவர் கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தக் கடதாசியை எழுத எனக்கு மூன்று மாலை எடுத்தது," என்றார். "வேண்டாம், வெளியாட்களிடம் ஏன் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று என் மனைவி மறித்தாள். இவர்கள் வெளியாட்கள் இல்லை, இவர்களுக்கு நாளைக்குத் தேவைப்படும் என்று நான் சொன்னேன்."

அவர் பையின் வாரை இழுத்துக் கட்டினார்.

"டெனிஷ்காரர் எங்களைப் பற்றி இப்போது என்ன சொல்லுகிறார்கள் தெரியுமா? காசைத் தின்றவர்கள் என்று. நீ என்னைப் பணக்காரனாக்கினாய். இரண்டும் நான் இல்லை," என்றார். பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினோம். பழையபடி இல்லை. மூன்று நாலு ஆண்டு கழித்து மீன் திரும்பி வருகிறது, ஒரு கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது என்று அவர்கள் போய்விட்டார்கள். போகுமுன் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவிக்குக் கம்பளியில் பின்னிய சால்வையொன்றைக் கொடுத்தார்கள். எனக்குக் கை கொடுத்தார். அந்தத் தீவுகளை நான் இன்னும் போய்ப் பார்த்ததில்லை.

இன்னும் பல ஆண்டு கழித்து அண்ணையின் இளைய மகனுக்குக் கல்யாணம் நடந்தபோது எங்களையும் கூப்பிட்டார்கள். கனடாவிலிருந்து மூத்த மகள் வந்திருந்தாள். கொழும்பு, பிறகு இந்தியா, பிறகு யாரோ ஒரு சித்தப்பாவின் உதவியில் கனடா என்று சுற்றிப் போனவள். இரண்டு பிள்ளைகள். ஒருத்தி டெனிஷில் பேசும் மச்சாள்மாரை ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய் என்னை இன்னார் என்று சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும் அங்கிள். அப்பா சொன்னவர்," என்றாள்.

"அவர் என்னில கோவிக்கேல்லை," என்றேன்.

"ஓம், அப்பா கோவிக்கேல்லை. எனக்குத்தான் கோவம் இருந்தது. இப்பவும் கொஞ்சம் இருக்கு," என்றாள்.

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. படம் எடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.